வயிற்று நோவோடு வாழ்தல்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஆண்டு விழா மேடைக்கு உகந்த பொருள்கள் பல உள. சமயத்தைப்பற்றியும் இலக்கியத்தைப்பற்றியும் நமக்கு முன்னே பேசியவர்கள் நன்றாகப் பேசிச் சென்றார்கள். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ வயிறு. அதிலும் நோகின்ற வயிறு. மங்கலமான நாளில் இதென்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். எண்ணினாற் குற்றமில்லை. ஆனால் வயிற்று நோவுடையவர்களாகிய நாம் இந்த நோயைப்பற்றிச் சபையிற் பேசாமலே பல ஆண்டுகளைக் கழித்துவிட்டோம். காலில் அடிபட்ட ஒருவன் கட்டுப்போட்டுக்கொண்டு வந்தால் ஊரே நின்று விசாரிக்கும். இருதய நோயென்றாற் குரலைத் தாழ்த்திப் பேசும். வயிற்று நோவென்றாலோ சிலருக்குச் சிரிப்பு வரும், மற்றவர்களிடமிருந்து "என்ன தின்றாய்?" என்ற கேள்வி வரும்.

அந்தக் கேள்வியிலேதான் நமது துன்பத்தின் பாதி இருக்கிறது. நோவைக் காட்டிலும் நோவுக்கு நாமே காரணம் என்ற பேச்சு நம்மை அதிகம் வருத்துகிறது.

ஒரு நாள் வந்து மறுநாள் போகும் வயிற்றுவலியைப்பற்றி நாம் இங்கே பேசவில்லை. மூன்று மாதத்துக்கு மேலாக நீடித்தோ, விட்டுவிட்டோ வருகின்ற நோவை நாட்பட்ட நோ என்று இக்கால வைத்தியம் வகுத்திருக்கிறது. அது வயிற்றெரிவாக இருக்கலாம்; உணவுண்டவுடன் மேல்வயிறு கல்லுப்போலாவதாக இருக்கலாம்; அடிவயிற்றை முறுக்கி, மலசலகூடத்துக்கு ஓடச்செய்து, போய்வந்த பின்னும் தீராத உளைவாக இருக்கலாம். நமது பரியாரிமார் இவற்றைப் புதிதாகக் கண்டவர்களல்லர். குன்மம் என்று ஒரு பெரும் பிரிவை வகுத்து, வாதகுன்மம், பித்தகுன்மம், எரிகுன்மம், வலிகுன்மம் என எட்டு வகையாக அதனைச் சித்த வைத்திய நூல்கள் பேசுகின்றன. உடலையும் உள்ளத்தையும் குன்றச் செய்வதாற் குன்மம் எனப் பெயர் வந்தது என்பர். உள்ளத்தையும் சேர்த்துச் சொன்னார்களே, அது நம்மவர்கள் நோயாளியை உற்றுப் பார்த்தவர்கள் என்பதற்குச் சான்று.

வயிற்று நோயென்றதும் சைவமக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சூலை; சூலை என்றால் நாவுக்கரசர். அந்த வரலாறு இச்சபையில் எல்லார்க்கும் தெரிந்ததே. திருவாமூரிற் பிறந்த மருள்நீக்கியார் சமண சமயம் புகுந்து தருமசேனர் என்னும் பெயரோடு பாடலிபுத்திரத்தில் வாழ்ந்திருந்த காலத்திற் சூலை வந்து பற்றியது. உடனிருந்தவர்கள் தாம் அறிந்த முறைகளையெல்லாம் செய்து பார்த்தார்கள், தீரவில்லை. பின்னர் திருவதிகையிலே தமக்கையார் திலகவதியாரை அடைந்து, அவர் கையால் நீறு பெற்று, வீரட்டானத்தில் நின்று பாடி நோய் நீங்கினார் என்று சேக்கிழார் சொல்லுகிறார்.

அருளால் தீர்ந்த நோயைக் குறித்து ஆராய நாம் வரவில்லை. அந்த வரலாற்றில் நோயாளி ஒருவன் கண்ணுக்கு மட்டும் படுகின்ற சில செய்திகள் உள்ளன. அவற்றையே சொல்ல விரும்புகிறோம். முதலாவது, தமக்கையாருக்குச் செய்தி சொல்ல மருள்நீக்கியார் யாரை அனுப்பினார்? தமக்கு உணவு சமைப்பவனை அனுப்பினார். பிரசங்கிமார் இதனை ஒரு வரியிற் சொல்லிக் கடந்துவிடுவார்கள். வயிற்று நோயாளிக்கோ இது மிகப் பொருத்தமாகத் தெரியும். எந்த நாளில் எந்த உணவு இலையிற் கிடந்தது, எது வெளியே வந்தது என்று அறிந்தவன் சமையற்காரன் ஒருவனே. நோயின் முழுக் கதையும் தெரிந்தவன் அவன்.

இரண்டாவது, அந்த முதற் பதிகத்தின் தொடக்கத்திலேயே, தாம் செய்த கொடுமை யாதென்று தமக்குத் தெரியவில்லை என்னும் பொருள்பட அவர் கூறுகிறார். குடர் முறுக்குண்டு முடங்கிக் கிடக்கும் எவனும் கேட்கின்ற கேள்வி அது. நான் என்ன செய்தேன்? எனக்கு மட்டும் ஏன்? நாவுக்கரசரே கேட்டிருக்கும்போது நம்மிலொருவன் நள்ளிரவிற் பாயில் எழுந்திருந்து அதனைக் கேட்டால் அவனைப் பலவீனன் என்று சொல்வது எப்படி?

மூன்றாவது, திலகவதியாரின் நடத்தை. தம்பி தம்மைவிட்டுப் போனவர். குடும்பத்தின் நெறியை விட்டவர். நோய் வந்தபின் திரும்பி வந்து நிற்கிறார். "அன்றே சொன்னேனே" என்று ஒரு சொல் சொல்ல அவருக்கு எவ்வளவு நியாயம் இருந்தது! சொல்லவில்லை. நீறளித்தார், விடியற்காலையிற் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். நமது வீடுகளில் நோயாளி ஒருவருக்கு முதலிற் கிடைப்பது பெரும்பாலும் அந்தச் சொல்லாத சொல்தான்.

இனி, பழியைப்பற்றி இன்னொரு கதை சொல்ல வேண்டும். இது நமது காலத்தது. இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலும் புண் உண்டாவதை அல்சர் என்று இப்பொழுது குழந்தைகளும் சொல்லும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டவை கவலை, கோபம், உறைப்பு, நேரந்தப்பிய உணவு. நோயாளிக்குப் பாலும் கஞ்சியும் கொடுத்துக் கவலைப்படாதே என்று சொல்லி அனுப்பினார்கள். கவலைப்படாதே என்று சொன்னதனாற் கவலை நீங்கினவர் உலகில் எவருமிலர் என்பது வேறு விடயம். மேற்கு அவுஸ்திரேலியாவிலே பேர்த் நகரில் றொபின் வாறன், பரி மார்ஷல் என்னும் இரு வைத்தியர்கள் புண்ணுள்ள இரைப்பைகளிலே வளைந்த வடிவுள்ள ஒரு கிருமியைக் கண்டார்கள். இரைப்பையின் அமிலத்தில் எந்தக் கிருமி உயிர்வாழும் என்று பலர் நகைத்தார்கள். 1984ஆம் ஆண்டில் மார்ஷல் அக்கிருமியை வளர்த்த திரவத்தைத் தாமே குடித்தார். சில நாட்களில் ஓங்காளமும் வாந்தியும் வந்தன. இரைப்பை அழற்சியுற்றிருந்தது பரிசோதனையிற் புலனாயிற்று. 2005ஆம் ஆண்டில் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு கிருமிகொல்லிகளையும் ஓரிரு கிழமை எடுத்தால் அக்கிருமியால் வந்த புண் பெரும்பாலும் ஆறி, மீண்டும் வராதிருக்கும் என்று இன்று தெரிகிறது. எத்தனை ஆயிரம் பேர் தமது குணத்தினாலேதான் தமக்குப் புண் வந்தது என்று நம்பியபடி காலங்கழித்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

புண்ணுக்கு மற்றொரு காரணம் நமது வீட்டு அலுமாரியிலேயே இருக்கிறது. நாரி நோ, முழங்கால் நோ, தலையிடி என்று கடையிற் கேட்டு வாங்கி விழுங்குகின்ற டைக்குளோபெனக், இபுபுறூபன், அஸ்பிரின் முதலிய குளிசைகள் இரைப்பையின் உட்தோலைக் காக்கும் தன்மையைக் கெடுப்பவை. வயது முதிர்ந்தோருக்கும் முன்பே புண் வந்தோருக்கும் இவற்றால் இரத்தம் கசிதலும் உண்டு. ஒரு நோவைத் தீர்க்கப்போய் இன்னொரு நோவை விலைக்கு வாங்கும் வியாபாரம் இது. இருதயத்துக்காக வைத்தியர் கொடுத்த அஸ்பிரினைத் தாமாக நிறுத்த வேண்டாம். ஆனால் வயிற்று நோவுண்டு என்பதை அவருக்குச் சொல்லாதிருக்கவும் வேண்டாம்.

கிருமியுமில்லை, புண்ணுமில்லை, குழாய் விட்டுப் பார்த்தார்கள், இரத்தம் சோதித்தார்கள், ஸ்கான் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்று கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்படிப்பட்டவர்களே நம்முள் அதிகம். அந்தக் கடிதத்தைப் பார்த்து வீட்டார் மகிழ்கிறார்கள். நோயாளியும் மகிழவே வேண்டும். ஆனால் அவன் உள்ளூர அஞ்சுகிறான். ஏனெனில் நோ போகவில்லை. இனி நோகிறது என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். நம்மில் ஒருவர் ஓர் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று முறை வந்தபோது, கடிதங்களைப் புரட்டிப் பார்த்தவர், "உமக்கு ஒன்றுமில்லை, கலியாணம் செய்தாற் சரிவரும்" என்று சொல்லி அனுப்பினார். அவருக்கு அப்போது கலியாணமாகி நான்கு ஆண்டுகள்.

ஒன்றுமில்லை என்பது பொய். சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதே உண்மை. இவ்விரண்டுக்குமிடையே உள்ள வேற்றுமையை விளங்கிக்கொள்ள உணவுக்குழாயின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். தொண்டையிலிருந்து அடிவரை அக்குழாயின் சுவருக்குள்ளே ஒரு நரம்பு வலை பின்னிக் கிடக்கிறது. அதிலுள்ள நரம்பணுக்கள் பத்துக் கோடிக்குக் குறையா. எதை எப்போது தள்ளுவது, எவ்வளவு நீர் சுரப்பது என்பவற்றை அவ்வலை மூளையைக் கேளாமலே பெரும்பாலும் நடத்துகின்றது. ஆயினும் இரண்டுக்குமிடையே ஓயாத தபாற் போக்குவரத்து உண்டு. சோதனை மண்டபத்துக்குப் போகுமுன் வயிறு கலக்குவதும், பயத்தில் வாய் வறள்வதும் அப்போக்குவரத்தின் பயனே. 1822ஆம் ஆண்டில் வட அமெரிக்காவிலே அலெக்சிஸ் சென் மாட்டின் என்பவனுக்கு வெடிபட்டு, இரைப்பையிலே மூடாத ஒரு துவாரம் உண்டாயிற்று. அவனுக்கு வைத்தியம் செய்த வில்லியம் போமன்ற் என்பவர் அத்துவாரத்தின் வழியே ஆண்டுக்கணக்காக உள்ளே பார்த்து, 1833ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். அவன் கோபங்கொண்டபோது இரைப்பையின் தொழில் மாறியதைக் கண்ணாற் கண்டவர் அவர். மனத்துக்கும் வயிற்றுக்கும் உள்ள உறவு கற்பனையன்று என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டுவதில்லை.

நாட்பட்ட நோவுடையோரில் இந்தத் தபால் கூர்மையடைந்து போகிறது. 1973ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்விற் பெருங்குடலுள் ஒரு சிறு பலூனை வைத்து ஊதிப் பார்த்தார்கள். நோயில்லாதாருட் பெரும்பாலோருக்கு நோ உண்டாக்காத அளவிலேயே நோயாளருட் பாதிப்பேருக்கு மேல் நோவுணர்ந்தார்கள். காற்று ஒன்றே, குடல் வடிவமும் ஒன்றே, உணர்வு வேறு. பலருக்கு இது ஒரு கடும் வயிற்றோட்டத்தின் பின் தொடங்குகிறது. கிருமி போய்விடும்; நரம்பின் விழிப்பு மட்டும் போகாது நின்றுவிடும். உறக்கமின்மையும் நீண்டகால அச்சமும் அதனை மேலும் கூர்மைப்படுத்தும். போரும் இடப்பெயர்வும் கண்ட நமது தலைமுறையில் நேரத்துக்கு உண்டு, அச்சமின்றி உறங்கினோர் எத்தனை பேர்? இவ்வகை நோய்களைக் குடலும் மூளையும் தம்முட் பேசும் முறையிலே ஏற்பட்ட கோளாறுகள் என்று வைத்திய உலகம் இப்போது அழைக்கிறது. பல நாடுகளில் நடத்தி 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட பெரிய ஆய்வொன்றின்படி நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் இக்கோளாறுகளுள் ஏதேனும் ஒன்று இருந்தது. இந்த மண்டபத்தில் நமக்குத் துணை இல்லாமலில்லை!

2020ஆம் ஆண்டில் நோ பற்றிய சர்வதேசச் சங்கம் நோ என்பதன் வரைவிலக்கணத்தைத் திருத்தியபோது, ஒருவர் தமக்கு நோகிறது என்று சொன்னால் அச்சொல்லை மதித்தல் வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டது. அறிஞர்கள் கூடி எழுதிய வாசகமென்றாலும் நமது பாட்டிமார் அறிந்திருந்ததே அது.

நம்புதல் என்றால் ஆராயாமல் விடுதல் என்று பொருளல்ல. சில குறிகள் கண்டால் இது பழைய நோதானே என்று இருத்தலாகாது. காரணமின்றி உடல் மெலிதல், மலத்தில் இரத்தம், தார்போன்ற கரிய மலம், விழுங்க முடியாமை, ஓயாத வாந்தி, சோகை, உறக்கத்திலிருந்து எழுப்பும் நோ, ஐம்பது வயதையடுத்துப் புதிதாகத் தொடங்கும் மலமாற்றம், குடும்பத்திற் குடற் புற்றுநோய் இருந்தமை, இவற்றுள் ஒன்று இருந்தாலும் தாமதியாது வைத்தியரிடம் போக வேண்டும். முதியோர்கள் தமது பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக்கூடாதென்று இரத்தம் போவதை மறைப்பதுண்டு. அருள்கூர்ந்து மறைக்காதீர்கள்.

பெண்மக்களைப்பற்றி ஒரு சொல். மாதந்தோறும் வருகின்ற நோவைப் பொறுத்துக்கொள்ளுதலே பெண்ணுக்கு அழகு என்று சொல்லி வளர்த்துவிட்டோம். பத்துப் பெண்களில் ஒருவருக்கு, கருப்பையின் உட்தோலை ஒத்த தோல் கருப்பைக்கு வெளியே வளர்கின்ற நோய் உண்டு. மாதவிடாயின்போது பள்ளிக்குப் போக முடியாதபடி நோதல், மலங்கழிக்கும்போது நோதல், வயிறு ஊதுதல் என்பன அதன் குறிகளாக இருக்கலாம். அதுவும் பலகாலம் வெறும் வயிற்றுக் கோளாறு என்றே வைத்தியம் செய்யப்படுகிறது. ஒரு பிள்ளை மாதத்தில் இரண்டு நாள் சுருண்டு கிடந்தால் அவளைச் சோம்பேறி என்னாது பெண்நோய் வைத்தியரிடம் கூட்டிச்செல்லுதல் தாயின் கடமை. தந்தையின் கடமையுமாகும்.

மருந்துகளை விரித்துரைப்பது வைத்தியர் வேலை. ஒன்றை மட்டும் சொல்லுவோம். ஏனெனில் அதனால் வீடுகளில் கலகம் உண்டாகிறது. வயிற்று நோவுக்கு அமிற்றிப்டிலின் என்னும் குளிசையைச் சிறிய அளவில் வைத்தியர் கொடுப்பதுண்டு. மருந்துக்கடையிலோ அயலிலோ யாராவது, இது மனநோய்க்குக் கொடுக்கிற மருந்தல்லவா என்று சொல்லிவிடுவார்கள். அன்றே குளிசை குப்பைக்குப் போகும். மனச்சோர்வுக்குக் கொடுப்பதிலும் மிகக் குறைந்த அளவிலே கொடுக்கும்போது அது குடலிலிருந்து எழும் நோச் செய்தியைத் தணிக்கின்றது. இங்கிலாந்தில் 463 நோயாளரிடம் ஆறு மாதம் பரீட்சித்து, அதன் பயன் 2023ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. வாய் வறளும், தூக்கம் வரும், எல்லார்க்கும் ஒத்துவராது. ஆனால் அதனை எடுப்பவனுக்குப் பைத்தியம் என்று பேசுவது அறியாமை. மனப்பயிற்சியாலும் இந்நோ தணிகிறது. மன்செஸ்டரில் வோர்வெல் என்னும் வைத்தியர் மனவசிய முறையாற் குடல் நோவைத் தணித்து 1984ஆம் ஆண்டிலேயே எழுதினார். மூச்சை அடிவயிறு வரை மெல்ல இழுத்து மெல்ல விடுகின்ற பழக்கம் நமக்குப் புதிதன்று. சந்தியாவந்தனத்திலும் அனுட்டானத்திலும் அதைச் செய்பவர்கள் இருக்கிறீர்கள். அவசரமாக மூக்கைத் தொட்டுவிட்டு எழும்பாமற் செய்தால் வயிற்றுக்கும் நல்லது.

உணவுக்கு வருவோம். நோயாளிக்கு அறிவுரை சொல்ல ஊரில் ஆட்குறைவில்லை. பருப்பை விடு என்பார் ஒருவர்; பாலை விடு என்பார் மற்றவர்; கத்தரிக்காய் கிரந்தி என்பார், மரவள்ளி வாயு என்பார், முருங்கை மட்டும் தின் என்பார். எல்லாருடைய சொல்லையும் கேட்டு ஒவ்வொன்றாக விட்டு, கடைசியில் வெள்ளைச் சோறும் சொதியும் மட்டும் உண்டு எலும்பாய்ப் போனவர்களை நாம் அறிவோம். இது வைத்தியமன்று. மெல்போணிலுள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தார், குடலிற் புளித்துக் காற்றாகின்ற சில மாச்சத்துக்களைக் குறைக்கும் முறையொன்றை வகுத்திருக்கிறார்கள். வெங்காயம், உள்ளி, கோதுமை, சில பருப்புவகை, பால் என்பன அதில் அடங்கும். சில கிழமைகள் நிறுத்திவிட்டு, பின்னர் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது தனக்கு ஒவ்வாது என்று காண்பதே அந்த முறை. திரும்பச் சேர்த்தல் என்ற பாதியை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். நமது நாட்டவருட் பலருக்கு வளர்ந்தபின் பாலைச் சமிக்கும் சக்தி குறைவு. அவர்களுக்கும் தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று கிழமைக்கு என்ன உண்டோம், எப்போது நொந்தது, எவ்வளவு உறங்கினோம் என்று எழுதினால், அயலாரின் அறிவுரையெல்லாவற்றையும்விட அக்கொப்பி உண்மை சொல்லும். வைத்தியரும் அதனை விரும்புவார்.

திருக்குறளிலே மருந்து என்னும் அதிகாரம் இருக்கிறது. முன்னுண்டது அறுத்ததறிந்து உண்டால் மருந்தே வேண்டாம் என்னும் கருத்தை அங்கே பார்க்கிறோம். அது நோய் வராதிருத்தற்குச் சொன்னது. நோய் வந்து கிடப்பவன் தலைமாட்டில் நின்று அதனைச் சொல்லிக்காட்டுவோர், அதே அதிகாரத்தின் முடிவையும் பார்க்க வேண்டும். நோயாளி, வைத்தியன், மருந்து இம்மூன்றோடு, பக்கத்தில் நின்று பணிசெய்பவனையும் சேர்த்து நான்கு கூறாக வள்ளுவர் வைத்திருக்கிறார். அந்த நாலாமவன் அறிவுரை சொல்பவனல்லன்.

இப்பொழுது இச்சங்கத்தில் அதிகம் பேசவேண்டிய விடயத்துக்கு வந்துவிட்டோம். அதுவே விரதம். கந்தசட்டி ஆறு நாள். கேதாரகௌரி விரதம் இருபத்தொரு நாள். பிரதோஷம், சதுர்த்தி, வெள்ளி என்று இன்னும் பல. இளைஞர்கள் ஆர்வத்தோடு உபவாசம் இருக்கிறார்கள். அதனைக் கண்டு மகிழ்கிறோம். ஆனால் இரைப்பைப் புண்ணுள்ளவன் ஆறு நாள் வெறுவயிற்றோடிருந்து, ஏழாம் நாட் காலையிற் பாரணையென்று பொரியலும் பச்சடியும் பாயசமுமாக உண்டு, அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டால் அதில் விரதத்தின் பயன் எங்கே? நாவலரவர்கள் சைவ வினாவிடையில் விரதத்தை விளக்குமிடத்து, உணவை விடுதலோடு அதனைச் சுருக்குதலையும் வைத்தே சொல்லியிருக்கிறார்கள். ஆசாரத்தில் எள்ளளவும் தளராத நாவலரே சுருக்குதற்கு இடங்கொடுத்திருக்க, நாம் ஒரு நோயாளியைப் பார்த்து, இம்முறை நீ விரதம் பிடிக்கவில்லையா என்று பலர் முன்னிலையிற் கேட்பது எந்த நூலில் உள்ளது? பாலும் பழமும் கொள்பவர் கொள்ளட்டும். ஒருநேரம் உண்பவர் உண்ணட்டும். வைத்தியர் தடுத்தவர் கோயிலுக்கு வந்து கும்பிட்டுப் போகட்டும். நீரிழிவுக்கு மருந்தெடுப்போர் வைத்தியரைக் கேளாது உபவாசமிருத்தல் ஆபத்து. ஐயர்மாரும் இதனைக் கோயிலில் எடுத்துச் சொல்வார்களானால் வைத்தியரின் சொல்லைவிட அது விரைவிற் செல்லும்.

இளைஞர்கள் நம்மிடம் கேட்கின்ற கேள்வி வேறு. இப்படியொரு வயிற்றை வைத்துக்கொண்டு நான் என்ன சாதிக்கமுடியும் என்பதே அது. சாள்ஸ் டார்வின் என்ற பெயரைப் பாடசாலையிற் படித்திருப்பீர்கள். கப்பலில் உலகஞ் சுற்றி 1836ஆம் ஆண்டில் ஊர் திரும்பிய அவர், அதன்பின் வாழ்நாளின் பெரும்பகுதியை வாந்தியோடும் வயிற்றுப் பொருமலோடும் கழித்தார். 1849ஆம் ஆண்டில் மால்வேண் என்னுமிடத்திற் குளிர்நீர் வைத்தியம் செய்வித்தார். அதே ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் நாள்தோறும் தமது நோயின் நிலையைக் குறித்துவைத்தார். நாம் முன்னே சொன்ன கொப்பி அவரிடமும் இருந்தது. அவருடைய நோய் இன்னதென்று இன்றுவரை அறிஞர்கள் ஒருமுகமாகச் சொல்லவில்லை. 1859ஆம் ஆண்டில் உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவர் நூல் வெளிவந்த வேளையிலும் அவர் இல்க்லி என்னும் ஊரில் வைத்தியத்திலிருந்தார். மறு ஆண்டு ஒக்ஸ்போட்டில் அந்நூலைக் குறித்துப் பெரும் வாதம் நடந்தபோதும் நோய் காரணமாக அவர் அங்கே போகவில்லை, நண்பர்களே வாதாடினார்கள்.

அவர் வேலை செய்த முறைதான் நமக்கு வேண்டியது. காலை எட்டு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வேலை. பின் கடிதம் பார்த்துச் சிறிது ஓய்வு. மீண்டும் நண்பகல்வரை வேலை. அதன்பின் வீட்டின் பின்புறத்துப் பாதையில் நடை. நல்ல நாளென்று அளவுமீறி உழைப்பதில்லை. கெட்ட நாளென்று முழுவதும் கைவிடுவதுமில்லை. நாட்பட்ட நோவுடையோர் செய்யும் பெரும் பிழை இதற்கு மாறானது. நோவில்லாத நாளில் ஒரு கிழமை வேலையைச் செய்துவிடுவோம். அடுத்த மூன்று நாளும் படுத்துவிடுவோம். வேலையை நோவைக்கொண்டு அளவாமற் கடிகாரத்தைக் கொண்டு அளக்கப் பழகினால் நாளடைவில் நடக்கும் தூரமும் இருக்கும் நேரமும் கூடுகின்றன. மனைவியார் எம்மா அவருக்குத் துணையாக இருந்தார் என்பதையும் சொல்லவேண்டும்; வள்ளுவர் சொன்ன நாலாமவர் அவரே.

சிரிக்கவேண்டிய விடயம் போலத் தோன்றினும் சிரிக்காமற் கேட்கவேண்டியது மலசலகூடம். குடல் நோயாளிக்கு ஊரின் வரைபடம் வேறு. எந்தச் சந்தியில், எந்தக் கடையின் பின்னால், எந்தக் கோயில் வீதியில் ஒரு மலசலகூடம் உண்டு என்பதே அவனுக்குத் தெரிந்த பூமிசாஸ்திரம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் ஏறுமுன் நண்பகலிலிருந்தே பட்டினி கிடப்பவர்கள் உளர். பட்டினி வயிற்றைச் சாந்தப்படுத்தாது, மேலும் முறுக்கும். 1990ஆம் ஆண்டில் நின்றுபோன யாழ்தேவி 2014ஆம் ஆண்டில் மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது எல்லாரும் மகிழ்ந்தார்கள். நாம் இரண்டு பங்கு மகிழ்ந்தோம். பஸ்ஸோடு மலசலகூடம் வருவதில்லை, புகையிரதத்தோடு வருகிறதல்லவா? பரீட்சை மண்டபத்திற் கையை உயர்த்த வெட்கி விடைத்தாளை முடிக்காமற் கொடுத்துவிட்டு வந்த பிள்ளைகளை நாம் அறிவோம். ஆசிரியர்களாக இருக்கும் அங்கத்தவர்கள் இத்தகைய பிள்ளையைக் கதவோரம் இருத்திவிட்டால், அதுவே ஒரு போத்தல் மருந்துக்குச் சமம்.

சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று, நமது மண்டபத்தின் மலசலகூடக் கதவுக்கு உட்பூட்டும், உள்ளே தண்ணீரும் வெளிச்சமும் வேண்டும். தனாதிகாரி அவர்கள் இங்கே இருக்கிறார், செலவு பெரிதல்ல. மற்றொன்று பந்தியைப்பற்றியது. உபசாரம் நமது பண்பு. ஆயினும் கையால் இலையை மறைப்பவனின் விரலுக்கிடையால் இன்னொரு கரண்டி ஊற்றுதல் உபசாரமாகாது. இன்று சமையலுக்குப் பொறுப்பானவர்களைக் கேட்டு, மிளகாய் சேராத சொதியும், பருப்பில்லாத ஒரு கறியும், மோரும் தனியே வைத்திருக்கிறோம். கிழக்குப் பக்கத்துக் கடைசி வரிசையில் அவை பரிமாறப்படும். அங்கே யார் போய் இருந்தாலும், ஏன் அங்கே இருக்கிறாய் என்று எவரும் கேட்கவேண்டாம்.